வாசலில் எண்ணியவள்

நீலசந்திராவில் காந்தா என்று கேட்டால் எந்தக் காந்தா என்பார்கள். மால் காந்தா என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பதினாறு வருஷம் ஒரே வாசலில் நின்றவளுக்கு அந்தப் பட்டமாவது கிடைக்க வேண்டாமா? சில்வர் லீஃப் மால் திறந்த மறுவருஷம் செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தாள். நீலச் சட்டை, நீலப் பேன்ட், கொண்டைக்கு மேல் நிற்காமல் நழுவும் ஒரு தொப்பி. வாசலுக்கு இடப்பக்கம் பெண்களைச் சோதிக்க ஒரு துணி மறைப்பு இருந்தது. அதற்குள் நின்று கைப்பைகளைத் திறந்து பார்த்து அனுப்புவதுதான் அவள் வேலை. புருஷன் கோவிந்தன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு ஆறு வருஷமாக வீட்டோடு இருக்கிறான். அதனால் அந்தச் சட்டையைக் கழற்றினால் வீட்டில் உலை வைக்க முடியாது என்ற நிலைமை.

மாலுக்கும் நல்ல காலம் என்று ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் துணி மறைப்புக்கு வெளியே வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து நிற்கும் அம்மாக்களைக் காந்தா கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள். அது அவள் வேலையில் சேர்த்தி இல்லை. சும்மா ஒரு ஆசைக்குச் செய்வாள்.

பிறகு மெட்ரோ வேலை என்று எதிரே ரோட்டைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் மூடுவதற்குள் ஏர்போர்ட் பக்கம் இரண்டு பெரிய மால்கள் முளைத்துவிட்டன. மீதியிருந்த ஜனத்துக்கு ஃபோனிலேயே கடை வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் இருந்த பெரிய துணிக்கடை முதலில் போனது. அதன் பின்னால் செருப்புக்கடை, பொம்மைக்கடை, கடைசியில் சினிமா தியேட்டர். போன கடைகளின் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஏசியை மத்தியானத்துக்கு மேல்தான் போட்டார்கள். மழை பெய்தால் நடுக்கூடத்தில் நாலு பக்கெட் வைப்பார்கள். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய ஒரு போர்டையும் வைப்பார்கள். அந்தப் போர்டுக்கு மட்டும் ஓய்வே இல்லை.

உள்ளே வருகிற ஆட்களை எண்ணுவதற்கு வாசலுக்கு மேல் ஒரு கேமரா இருந்தது. அது கெட்டுப்போனபோது சரிசெய்ய யாருக்கும் மனசு வரவில்லை. காந்தாவின் கையில் ஒரு கிளிக்கரைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ஸ்டீல் சாமான். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று ஏறும். ஒரு ஆளுக்கு ஒரு அழுத்து. கடை ஆட்களுக்குக் கிடையாது, டெலிவரி பையன்களுக்குக் கிடையாது. ராத்திரி பூட்டும்போது அந்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதி சூப்பர்வைசர் முனிராஜிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

முதல் மூன்று மாதம் காந்தா சட்டப்படிதான் எண்ணினாள். சாதாரண நாளில் எழுநூறு, எண்ணூறு. ஞாயிற்றுக்கிழமை அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நாள் முனிராஜ் டியூட்டி ஆட்களை எல்லாம் நிற்க வைத்து ஒரு விஷயம் சொன்னார். ஏஜென்சி ஆட்குறைப்பு பண்ணப் போகிறது, தினமும் இரண்டாயிரம் பேராவது வராத வாசலுக்கு லேடி கார்டு தேவையில்லை என்று மேலே பேசிக்கொள்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டுக் காந்தாவை மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாரையும் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு அதுதான் பார்க்கத் தெரிந்த விதம்.

காந்தா அன்று ராத்திரி ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாள்; ஒரு நாளும் இரண்டாயிரம் இல்லை. மறுநாள் காலையில் ஒரு குடும்பம் உள்ளே போய் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வெளியே வந்தது. போகிறவர்களும் ஆட்கள்தானே என்று நினைத்தாள். நாலு அழுத்து. அன்றைக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. அப்படியும் இரண்டாயிரம் தேறவில்லை. எதிர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒன்றுக்குப் போக வருகிறவர்களைச் சேர்த்தாள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் டெலிவரி பையன்களைச் சேர்த்தாள். அவர்கள் ஒவ்வொருவனும் நாளைக்கு நாலு தடவை வந்து போவான். ஒரு நாள் எண் கொஞ்சம் குறைந்தபோது வாசலில் படுத்திருந்த நாய்க்குக்கூட ஒரு அழுத்து அழுத்தினாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ரெஜிஸ்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏறியது. லேடி கார்டு தங்கினாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத பொய் என்று அவள் நம்பினாள். இப்படி ஒரு பொய் உலகத்தில் இருப்பதாக எல்லாருமே ஒரு காலத்தில் நம்புகிறவர்கள்தான்.

மௌரீன் அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஆஸ்டின் டவுனில் இருக்கிறவர். ஒரு ஸ்கூல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புருஷன் க்ளென்னோடும் மகள் டீனாவோடும் மாலுக்குக் காபி குடிக்க வருவார். துணி மறைப்புக்குள் அவர் கைப்பையைத் திறந்தால் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு துண்டு கேக் கட்டாயம் இருக்கும். காந்தாவுக்காக எடுத்து வந்தது. டியூட்டியில் யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது என்று விதி. ஆனால் மறைப்புக்குள் நின்று தின்றால் யாருக்குத் தெரியும்? முதல் இரண்டு வருஷம் மேடம் என்றவள் பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். காந்தாவின் மகள் பார்கவிக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்காமல் அலைந்தபோது மௌரீன்தான் விண்ணப்பத்தை எழுதி, பிரின்சிபாலிடம் நின்று வாங்கிக்கொடுத்தார். பார்கவி இப்போது ஓசூரில் கல்யாணமாகி, கம்பெனி வேலைக்கும் போகிறாள். அந்த நன்றி காந்தாவின் நெஞ்சில் அழியாமல் இருந்தது. அதை வைத்துத்தான் இந்தக் கதையை யோசிக்க வேண்டும்.

அந்த கேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்டின் டவுனில் கிறிஸ்துமஸ் என்றால் மௌரீன் வீட்டு பிளம் கேக் என்று இருந்தது. நவம்பரிலேயே ஆர்டர் வந்துவிடும். கைப்பக்குவம் என்று சொல்வார்களே, அது சிலருக்குத்தான் வாய்க்கும். மௌரீனுக்கு வாய்த்திருந்தது. அவருக்கும் அது தெரியும். கடை ஒன்று வைக்க வேண்டும் என்று க்ளென் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

க்ளென் போன மறுவருஷம், ஈஸ்டருக்கு முன்னால், மௌரீன் ஒரு புதன்கிழமை தனியாக வந்தார். மாலின் வாடகை ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். மூன்றாவது மாடி ஃபுட் கோர்ட்டில் ஒரு கேக் கவுண்டர் எடுப்பதாக யோசனை. க்ளென் போனபிறகு வந்த பணம் இருக்கிறது. ஆபீஸில் ஒரு தாளைக் காட்டியிருக்கிறார்கள். தினமும் சராசரி இரண்டாயிரத்து நூறு பேர் வருவதாக அதில் போட்டிருந்தது. அதில் பத்துக்கு ஒருவர் மேலே வந்தால்கூடப் போதும் என்று மௌரீன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனாலும் மனசு முழுசாக ஒப்பவில்லை. துணி மறைப்புக்குள் வந்து காந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பர்ல யாரு என்ன வேணா எழுதலாம் காந்தா. வாசல்ல நிக்கிறவ நீ. எண்ணுறவளும் நீ. நீ சொல்லு, இது நெஜமா?"

மறைப்புக்கு அந்தப் பக்கம் முனிராஜின் வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று காந்தா பிற்பாடு தனக்கே பல தடவை சொல்லிக்கொண்டாள். ஆனால் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் நடந்தே ஆஸ்டின் டவுன் போய்ச் சொல்லியிருக்கலாம். வேறொன்றும் அவள் மனதில் இருந்தது. அக்கா கையால் செய்த கேக் வந்தால் நிஜமாகவே ஜனம் வரும், வந்துவிட்டால் பொய் பொய்யாக இருக்காது என்று ஒரு நப்பாசை. தினமும் அக்காவைப் பார்க்கலாம் என்ற ஆசையும்தான்.

"நான் எண்ணினதுதான் அக்கா," என்றாள்.

மௌரீன் சிரித்தார். க்ளென் இருந்திருந்தால் இன்றைக்கே ரிப்பன் வெட்டியிருப்பார் என்றார்.

கவுண்டர் திறந்த அன்று ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். டீனா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு பலூன் கட்டினாள். முதல் வாரம் சொந்தக்காரர்களும் சர்ச் ஆட்களும் வந்து வாங்கினார்கள். அதற்கப்புறம் மாலுக்கு வந்தவர்கள்தான் வாங்க வேண்டும். நாற்பது துண்டு விற்றால் அது நல்ல நாள். மூன்றாவது மாடிக்குப் போகும் எஸ்கலேட்டரை மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். மிச்சமான கேக்கை மௌரீன் சாயங்காலம் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குக் கொடுப்பார். காந்தா காசு கொடுத்துத்தான் வாங்குவாள். வேண்டாம் என்றாலும் கல்லாவில் போட்டுவிட்டுப் போவாள்.

பணம் கரைந்தது பெரிய விஷயம்தான். ஆனால் மௌரீனைத் தின்றது அது இல்லை. ஜூலையில் ஒரு நாள் காந்தா மேலே போனபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாயிரம் பேர் உள்ளே வருகிறார்கள், நாற்பது பேர்கூட நம்மிடம் வாங்கவில்லை என்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். தப்பு கேக்கில்தான் இருக்க வேண்டும், நன்றாக இருந்தால் படி ஏறியாவது வந்திருப்பார்கள். இத்தனை வருஷம் தெருவில் எல்லாரும் முகஸ்துதிக்குச் சொல்லியிருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கும் அந்நியன்தான் நிஜத்தைச் சொல்வான் என்றார்.

அப்புறம் அவர் கேக்கை மாற்ற ஆரம்பித்தார். வெண்ணெயை மாற்றினார். முட்டை இல்லாமல் செய்து பார்த்தார். யூடியூபைப் பார்த்து ரத்தச் சிவப்பாக ஒரு கேக் செய்தார், அது தொட்டால் உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் காந்தாவுக்கு ஒரு துண்டு கொடுத்து முகத்தைப் பார்ப்பார். முதலில் செய்ததுதான் ருசி என்று காந்தாவுக்கு நாக்கு நுனியில் நிற்கும். நல்லா இருக்குக்கா என்பாள். நீ எதைக் கொடுத்தாலும் அதைத்தானே சொல்வாய் என்று மௌரீன் தட்டை வாங்கிக்கொள்வார். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். காந்தா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையால்தான் காலையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் தடவை அழுத்தியிருந்தாள்.

அவள் திருந்தப் பார்க்காமல் இல்லை. ஆகஸ்டில் ஒரு வாரம் சரியாக எண்ணினாள். எண்ணூற்றுப் பத்து, எழுநூற்று முப்பது என்று ரெஜிஸ்டரில் ஏறியது. எண் இறங்கினால் வாடகை ஆபீஸ் தாளிலும் இறங்கும், அக்கா கேட்பார், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம். அக்கா கேட்பதற்கு முன் முனிராஜ் வந்துவிட்டார். தூங்கிக்கொண்டு டியூட்டி பார்க்கிறாயா, மேனேஜர் என்னைக் கடித்துத் துப்புகிறார் என்று கன்னடத்தில் கத்தினார். கொஞ்சம் தணிந்தபிறகு தமிழில், "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்," என்றார். திங்கட்கிழமை எண் பழையபடி இரண்டாயிரத்தைத் தாண்டியது. கோவிந்தனின் மாத்திரை அட்டையும் வீட்டில் தீர்ந்திருந்தது. ஏழைக்குத் திருந்தவும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு கடிதம் வந்தது. மால் முதலாளியும் ஒரு கட்டுமானக் கம்பெனியும் சேர்ந்து, இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பதினாலு மாடியில் ஆபீஸ் கட்டப் போகிறார்கள். நவம்பர் முப்பதுக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்ததாம். யாரும் படிக்காத பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முதலாளிக்கு மட்டும்தான். யானையை நம்பி வாசலில் கரும்பு விற்றவர்களுக்கு ஒரு பொன்னும் கிடையாது.

முனிராஜ் இன்னொரு சேதியும் சொன்னார். கட்டுமானக் கம்பெனிக்காரர்களுக்குக் காட்டிய விளக்கப் படத்தில் இரண்டாயிரத்து நூறு என்று பெரிதாகப் போட்டிருந்தார்களாம். இத்தனை ஜனம் நடமாடுகிற இடம் என்றுதான் அவ்வளவு விலை பேசினார்களாம். உன் நம்பர்தான் காந்தம்மா என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது காந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளால் சிரிக்க முடியவில்லை.

கவுண்டரைக் காலி செய்த அன்று மௌரீன் தட்டுகளை எல்லாம் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். காந்தா கூடமாட உதவினாள். வீட்டில் இருக்கும் பெரிய ஓவனை விற்கப்போவதாக மௌரீன் சொன்னார். சிவாஜி நகரில் ஒரு பேக்கரிக்காரர் கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் ஆர்டர் எதுவும் இந்த வருஷம் எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கை போயிடுச்சு காந்தா," என்றார். "மரியாதையா நிறுத்திக்கிறதுதான் நல்லது."

அதற்கப்புறம் ஒரு வாரம் காந்தா சரியாகச் சாப்பிடவில்லை. கோவிந்தன் கேட்டதற்கு வேலை போன கவலை என்றாள். வேலை போனது நிஜம். ஆனால் அந்தக் கவலை அவளுக்குப் பழகினது. இது வேறு. ஒரு மனுஷியின் பணம் போனதற்கு நாம் பாதிக் காரணம் என்பதையாவது எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். அவர் கையையே அவர் நம்பாமல் போனதற்கு முழுக் காரணமும் தான்தான் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மத்தியானம் நடந்தே ஆஸ்டின் டவுன் போனாள். தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. மௌரீன் வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திரம் இல்லை. டீனா கதவைத் திறந்து உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். மௌரீன் வந்து எதிரே உட்கார்ந்து, வேறு எங்கேயாவது வேலை கிடைத்ததா என்று விசாரித்தார்.  காந்தாவுக்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, அந்த ரெண்டாயிரம் பொய்," என்றாள். "நான்தான் ஏத்தி எழுதினேன். வர்றவங்களுக்கு ஒண்ணு, போறவங்களுக்கு ஒண்ணு போட்டேன். டெலிவரி பசங்களையும் சேர்த்தேன். கொறைஞ்சா என்னை எடுத்துடுவாங்கன்னு முனிராஜ் சொன்னாரு. அதான்."

மௌரீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஸ்கூல் ஆபீஸில் கேட்கிற குரலில், நிஜமாக எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். எழுநூறு, எண்ணூறு என்றாள் காந்தா.

"மூணாவது மாடிக்கு?"

"அறுபது பேரு வந்திருப்பாங்க அக்கா. அவ்ளோதான். எஸ்கலேட்டர்கூட ஓடலையே."

மௌரீனின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அறுபதில் நாற்பது.

"அப்போ மேல வந்தவங்க வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க," என்றார்.

"வாங்கினாங்கக்கா. மொதல்ல செஞ்சீங்களே, அந்தக் கேக்குதான் நல்லா இருந்துச்சு. அதை நீங்க மாத்தியிருக்கவே வேணாம்."

மௌரீன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீனா டீ டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காந்தா எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தாள். மௌரீன் முகத்தை எடுக்காமலே ஒரு கையை நீட்டி, வராதே என்று காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியபோது குரல் அமைதியாக இருந்தது.

"வேலைக்குப் பயந்து பண்ணிட்டே. அது எனக்குப் புரியுது. க்ளென் பணம் போச்சு, போகட்டும். ஆனா நான் என் கையைத் திட்டித் திட்டி அழுதப்போ நீ பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவினே காந்தா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அப்போ அங்க முனிராஜ் இல்ல. நீயும் நானும்தான் இருந்தோம்."

 தப்புதான் அக்கா என்றாள் காந்தா. அது அவள் காதுக்கே போதாததாகக் கேட்டது.

"நீ கெளம்பு," என்றார் மௌரீன். "இனிமே இங்க வர வேணாம்."

டீ ஆறிப்போய் மேஜையில் இருந்தது. காந்தா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெரு முனை வரை வந்தபிறகுதான் அழுதாள். ஆட்டோவுக்கு நிற்கிறவள்போல் நின்றுகொண்டு அழுதாள். அவளைக் கடந்துபோன யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மல்லேஸ்வரத்தில் ஒரு அபார்ட்மென்டில் கேட் வேலை கிடைத்தது. தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். சம்பளமும் கொஞ்சம் குறைவு. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், காலை பத்து மணி வாக்கில், டீனா ஃபோன் செய்தாள். அம்மா ஓவனை விற்கவில்லை என்றாள். அந்த பேக்கரிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாராம். திருப்பி அனுப்பிய ஆட்களையெல்லாம் அம்மாவே கூப்பிட்டு ஆர்டர் எடுத்து, நாற்பத்திரண்டு கிலோ செய்துகொண்டிருக்கிறார். வீடு முழுக்க வாசனை, ஒரு நாற்காலிகூட காலியாக இல்லை, எல்லாவற்றிலும் கேக் ஆறிக்கொண்டிருக்கிறது.

"ருசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் காந்தா.

பழைய மாதிரியே இருக்கிறது என்றாள் டீனா. காந்தாவுக்கு மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சந்தோஷமாக இருந்தது, நிஜமான சந்தோஷம். அந்தத் தைரியத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். அக்கா தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்றாள்.

டீனா ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"யார் யார் வீட்டுக்கு கிறிஸ்துமஸ் கேக் பிளேட் அனுப்பணும்னு அம்மா சொல்லச் சொல்ல நான்தான் லிஸ்ட் எழுதினேன் ஆன்ட்டி. உங்க பேரு வரல. மறந்துட்டீங்களாம்மான்னு கேட்டேன். மறக்கலன்னாங்க."

காந்தா சரிம்மா என்றாள். அக்கா செய்தது சரிதான் என்றும் சொன்னாள். அது பொய் இல்லை. ஆனால் ஃபோனை வைத்துவிட்டு, திறந்தே இருந்த கேட்டை இன்னொரு தடவை திறக்கப் போனாள்.